வெந்நீரும் வன்னீரும்

தண்மை பொருந்திய நீர் தண்ணீர். வெம்மை பொருந்தியது வெந்நீர். இரண்டையும் ஒருங்கே பிணித்துச் 'சுடுதண்ணி' என்பது யாழ்ப்பாணத்து வழக்கு. இலக்கணம் கற்பிப்போர் இதனைக் கேட்டு முகஞ் சுளிப்பதுண்டு. யான் சுளிப்பதில்லை, 84 வயது நிரம்பிய என் அன்னையார் விடியற்காலையிலே கேட்பது அதனைத்தான்.

அதனை இனி எவ்வாறு ஆக்குவது என்பதே எம் மனையில் எழுந்துள்ள வினா. முன்பு ஊமலும் பொச்சுமட்டையும் இட்டுக் கிடாரத்திலே காய்ச்சினோம். கொதிநீர் வாளியுடன் ஈரத்தரையில் நடப்பதற்கு அஞ்சி, பின்னர் 50 லீற்றர் கொள்ளும் கீசர் ஒன்றைச் சுவரிற் பொருத்தினோம். அதன் அடிப்புறம் இப்போது துருவேறிக் கசிகின்றது. மீண்டும் அத்தகைய தொட்டியையே வாங்குவதா, அன்றி நீரைத் தேக்கிவையாது ஓடும்போதே சூடாக்கும் சிறு பெட்டியை வாங்குவதா?

கடைக்காரர் பின்னதைப் பெரிதும் புகழ்ந்தார். அப்புகழ்ச்சி முழுவதும் பொய்யன்று. கல்லூரி ஆய்வுகூடத்து வெப்பமானியை இரவல் பெற்று அளந்தபோது, விடியலில் எமது குழாய்நீர் 26 பாகை செல்சியஸ் காட்டிற்று. அன்னையார் நீராட 40 பாகையில் 25 லீற்றர் அமையும். அவ்வளவையும் ஓடும்போதே சூடாக்க ஏறக்குறைய 0.4 அலகு மின்சாரம் போதும். தொட்டியோ 50 லீற்றரையும் 60 பாகைக்கு ஏற்றுவதற்கு 2 அலகு கொள்ளும். அதிற் பெரும்பகுதி எவர் மேனியிலும் படாமல் ஆறிப்போகும். படிக்குப் படி கட்டணம் உயரும் மின்பட்டியலில் இது சிறு வேறுபாடன்று. நுவரெலியா போன்ற குளிர்நாட்டிலே நீர் 15 பாகையில் வருமாயின், 3.5 கிலோவாற்றுப் பெட்டி நிமிடத்திற்கு 2 லீற்றரையே 40 பாகைக்கு ஏற்றும். எமக்கு அதுவே மூன்றரை லீற்றர் தரும். இவ்வளவில் யாழ்ப்பாணத்து வெப்பம் பெட்டிக்கு நண்பனே.

பகைவன் கிணற்றினுள் இருக்கின்றான். குடாநாட்டின் அடிநிலம் சுண்ணக்கல். மழைநீர் அதனூடே இறங்கிச் சுண்ணத்தைக் கரைத்துக்கொண்டு ஊறுதலால் எமது நீர் வன்னீர். காய்ச்சும்போது அதிற் கரைந்துள்ள கல்சியம் இருகாபனேற்று சிதைந்து, கல்சியம் காபனேற்றாகப் படியும். கேத்திலின் அடியிலே அவ்வெள்ளோட்டைக் காணாத யாழ்ப்பாணத்தார் யார்? அகன்ற தொட்டி அதனைச் சிலகாலம் பொறுக்கும். பெட்டியின் ஒடுங்கிய வழியோ விரைவில் அடைபடும். வெப்பத்தைத் தானே மட்டுப்படுத்தாத பெட்டியில் நீரோட்டம் பாதியாகக் குறையுமாயின், சூட்டின் ஏற்றம் இரட்டிக்கும்; 40 பாகையில் வரவேண்டிய நீர் 54 பாகையில் வரும். முதியோரின் மெல்லிய தோல் அதனைத் தாங்குமோ? கடைக்காரர் இதுபற்றி வாய் திறந்திலர்.

"நிண்டு காயாத தண்ணி எப்பிடி மோனை சுடும்?" என்று அன்னையார் வினவினார். கம்பியின் வெம்மையைக் கூறினேன். "அப்ப தண்ணிக்குள்ள கறண்டோ?" என்றார். கேட்க வேண்டிய கேள்வி அது. இப்பெட்டி 15 அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கும். 30 அம்பியர் இணைப்புள்ள வீட்டுக்கு அது சரிபாதி. தனிக்கம்பியும் புவித்தொடுப்பும் மின்னொழுக்கு நேர்ந்தவுடன் துண்டிக்கும் ஆளியும் இன்றி அதனைப் பொருத்த ஒருப்படேன்.

வன்னீருக்கு மாற்று, கூரையிலே கிடைத்தது. குளிர் மிகும் மார்கழிக்கும் தைக்கும் முன்னரே ஐப்பசி, கார்த்திகை மழை பெய்துவிடுகின்றது. மழைநீர் மென்னீர், அதிலே படியச் சுண்ணமில்லை. 50 சதுர மீற்றர்க் கூரையில் 100 மில்லிமீற்றர் மழை விழுந்தால் 5,000 லீற்றர். சிந்தியது போக 4,000 லீற்றர் தேறினும், நாளொன்றுக்கு 25 லீற்றராக 160 நாள்களுக்குப் போதும். ஆகவே வெப்பத்தை மட்டுப்படுத்தும் பெட்டியையே, விலை சற்று மிகினும், வாங்குவதென்றும், அதற்கு மழைநீரை மாத்திரம் ஊட்டுவதென்றும் துணிந்துள்ளேன். அந்நீருக்கெனத் தனித்தாங்கி ஒன்றை உயரத்தில் அமைக்கவேண்டும். நீரின் அழுத்தம் குறைந்தால் பெட்டி இயங்காது.

கிடாரத்தைப் பழைய பித்தளை வாங்குபவர் இருமுறை கேட்டார். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்வெட்டு நிலவியதை எண்ணி, கொடுப்பதற்கில்லை என்றேன்.