கைக்கேற்ற பிடி

மலேசியாவில், மூவார் ஆற்றங்கரையில், பந்தர் மகாராணி என்ற பழம்பெயரையும் தாங்கி நிற்கும் நம்முடைய ஊரில், மரத்துக்கும் மனிதக் கைக்கும் உள்ள சம்பந்தத்தை யாரும் புதிதாக எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமில்லை. தளவாடத் தொழிலுக்குப் பெயர்போன இவ்வூரின் பட்டறைகளில் நாற்காலியின் கைச்சட்டத்தை இழைக்கும் தச்சர், உப்புத்தாளை ஓட்டியபின் கண்ணால் பார்ப்பதோடு திருப்தியடையாமல், உள்ளங்கையை அதன்மீது வைத்துத் தடவிப் பார்த்த பிறகே அடுத்த வேலைக்குப் போகிறார். சுற்றுவட்டார ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டிய நம் முன்னோருக்கும் இந்த ஞானம் வேறொரு வழியாகக் கிடைத்திருந்தது. கத்தியை முரட்டுத்தனமாக அழுத்தினால் மரம் காயப்படும் என்பதையும், தளரவிட்டால் பால் சரியாக இறங்காது என்பதையும், நாள்தோறும் ஒரே அளவான பிடியோடு வெட்டுகிறவருக்கே மரம் பல வருஷம் பலன் தரும் என்பதையும் அவர்கள் எந்தப் புத்தகமும் படிக்காமலே அறிந்திருந்தார்கள்.

அந்த ஞானம் இன்று எதிர்பாராத ஓரிடத்தில் நமக்கு வேண்டியிருக்கிறது. 2024 ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் இந்தியாவின் மனு பாக்கர் 10 மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியில் தனியாக ஒன்றும், சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து கலப்பு அணியில் ஒன்றுமாக இரண்டு வெண்கலப் பதக்கங்களை வென்றதைப் பார்த்த பிள்ளைகள், தாங்களும் துப்பாக்கி சுடும் விளையாட்டைக் கற்கவேண்டுமென்று பெற்றோரிடம் கேட்கத்தொடங்கினால் அதில் ஆச்சரியமில்லை. 1998 இல் காமன்வெல்த் போட்டியின் துப்பாக்கி சுடும் பந்தயங்களை லங்காவியிலும், 2017 இல் தென்கிழக்காசியப் போட்டியின் பந்தயங்களைச் சுபாங்கிலும் நடத்திய நாடு நம்முடையது. ஆசை நியாயமானதுதான். ஆனால், கைத்துப்பாக்கியை நன்றாகப் பிடிக்கக் கற்பது என்ற சிறிய விஷயத்தினுள்ளே உடலுக்கான அபாயமும், சட்டத்தின் கடுமையும், பிள்ளையின் உரிமையும் ஒன்றோடொன்று பின்னிக்கிடப்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பிடி ஏன் இவ்வளவு பிரதானம் என்பதைக் கணக்காலேயே காட்டலாம். 10 மீட்டர் போட்டியில் பத்துப் புள்ளிக்குரிய நடுவட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். நீட்டிய கை முழுவதுமாக ஐந்து மில்லிமீட்டர் ஒரு பக்கம் நகர்ந்துவிட்டாலும், துப்பாக்கியின்மேல் குறிபார்க்க அமைந்த முன்குறியும் பின்குறியும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்வரையில், குண்டும் ஐந்து மில்லிமீட்டரே விலகும். பத்துப் புள்ளி கைவிட்டுப் போகாது. ஆனால் கை அசையாமலிருந்தும், மணிக்கட்டு சிறிது திரும்பியதனால் முன்குறி பின்குறியைவிட்டு ஒரே ஒரு மில்லிமீட்டர் விலகினால், இரண்டு குறிகளுக்கும் இடையே ஏறக்குறைய 33 சென்டிமீட்டர் தூரமுள்ள துப்பாக்கியில், அந்தத் தவறு பத்து மீட்டருக்கு அப்பால் மூன்று சென்டிமீட்டராக வளர்ந்து, பத்தாக வேண்டிய குண்டு ஏழாம் வளையத்தில் போய் விழும். கை ஆடுவதைக் கண்டு அஞ்சும் புதியவர் அந்த ஆட்டத்தை அடக்குவதற்காகக் கைப்பிடியை நெரிக்கிறார். நெரிப்பதனால் மணிக்கட்டு திரும்புகிறது. சிறிய தவறுக்குப் பயந்து பெரிய தவறை வரவழைத்துக்கொள்கிறார்.

ஆகவே பிடியின் லட்சணம் வலிமையன்று. ஒவ்வொரு முறையும் மாறாத ஒரே தன்மையே அதன் லட்சணம். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவேயுள்ள கவட்டுத் தசை கைப்பிடியின் பின்புற வளைவில் எவ்வளவு மேலே ஏற முடியுமோ அவ்வளவு மேலே சென்று இடைவெளியின்றிப் பதியவேண்டும். துப்பாக்கிக் குழலும் முன்னங்கையும் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமையவேண்டும். பிடிக்கும் வேலையைப் பெரும்பாலும் நடுவிரலும் மோதிரவிரலுமே செய்யவேண்டும். அவையும் பக்கவாட்டில் நெருக்காமல் நேர்பின்னாக, உள்ளங்கையை நோக்கி அழுத்தவேண்டும். பெருவிரலும் சுண்டுவிரலும் தத்தம் இடத்தில் இளைப்பாறட்டும். அவை அழுத்தத் தொடங்கினால் குழல் பக்கவாட்டிலும் கீழுமாகத் திரும்பும். சுட்டுவிரல் மட்டும் இந்தக் கூட்டத்தில் சேராமல், கைப்பிடியின் மரத்தைத் தொடாமல், தன் முதற்கணுவின் சதைப்பகுதியால் விசையை நேராகப் பின்னோக்கி இழுக்கவேண்டும். எவ்வளவு அழுத்தம் என்று கேட்டால், பழைய பயிற்சியாளர்கள் சொல்லும் வழி எளியது: கை நடுங்கும்வரை இறுக்கு, பிறகு நடுக்கம் நிற்கும்வரை தளர்த்து, அந்த அளவை நினைவில் வைத்துக்கொள்.

சரியாகப் பிடித்திருக்கிறோமா என்பதற்கும் ஒரு பரீட்சை உண்டு. குண்டில்லாத துப்பாக்கியோடு, பயிற்சியாளர் பக்கத்திலிருக்க, குறியை நோக்கிக் கையை நீட்டி, கண்ணை மூடி, இரண்டு மூச்சு விட்டுத் திறந்து பார்க்கவேண்டும். முன்குறி பின்குறியின் நடுவில் தானாகவே நின்றால் பிடி பொருந்தியிருக்கிறது. ஒரு பக்கம் ஒதுங்கி நின்றால், மணிக்கட்டை முறுக்கி அதை நேராக்குவதுதான் புதியவரின் கை செய்யும் முதல் காரியம், செய்யக்கூடாததும் அதுவே. பிடியை எடுத்துவிட்டு மறுபடி அமைக்கவேண்டும். மூன்று நான்கு தடவையும் அப்படியே ஒதுங்கினால் கைப்பிடியின் மரத்தையே திருத்தவேண்டும்.

போட்டிக் கைத்துப்பாக்கிகளின் பிடி பெரும்பாலும் வால்நட் போன்ற கடினமரத்தால் ஆனது; வாங்கிய நிலையில் அது யாருடைய கைக்கும் முழுமையாகப் பொருந்தாது. உள்ளங்கைக் குழிவில் வெற்றிடம் இருந்தால் மக்கு வைத்து நிரப்பியும், விரல் இடிக்கும் இடத்தை அரத்தால் ராவியும், மாதக்கணக்கில் சிறிது சிறிதாகத் திருத்துவதே உலக வழக்கம். அதற்கும் வரம்பு உண்டு. சர்வதேசத் துப்பாக்கி சுடும் சம்மேளனத்தின் விதிப்படி, காற்றுக் கைத்துப்பாக்கி ஒரு கையால் மட்டுமே பிடிக்கப்படவேண்டும். மணிக்கட்டு எந்த ஆதாரமுமின்றி வெளிப்படையாகத் தெரியவேண்டும். அந்தக் கையில் கைக்கடிகாரமோ காப்போ கூடாது. கைப்பிடி கைக்கு அப்பால் நீண்டு ஆதாரம் தரக்கூடாது. முழுத் துப்பாக்கியும் 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் அளவுள்ள பெட்டியில் அடங்கவேண்டும். எடை 1500 கிராமைத் தாண்டக்கூடாது. விசையின் இழுவை 500 கிராமுக்குக் குறையக்கூடாது. ஆசையோடு மக்கை அப்பிக்கொண்டே போய், போட்டி நாளன்று சோதனை மேசையில் பிடி பெட்டிக்குள் அடங்காமல் திரும்பி வருவது மிகுந்த துக்கம். முன்கூட்டியே சோதித்துத் தரும்படி கேட்பது போட்டியாளரின் உரிமை. அதைக் கூசாமல் கேட்கவேண்டும்.

இங்கேதான் மூவார்க்காரர்கள் விசேஷமாக ஜாக்கிரதையாயிருக்க வேண்டும். மரமும் அரமும் கைத்திறனும் நம் தெருவிலேயே கிடைக்கின்றன. துப்பாக்கிக் கழகத்தில் பிடித்துப் பழகிய வடிவத்தை வீட்டிலும் பழக வேண்டுமென்று, ஒரு பிள்ளை தெரிந்த பட்டறையில் மரத்துண்டு வாங்கி, அசல் கைத்துப்பாக்கியைப் போலவே ஒன்றைச் செதுக்கி, கறுப்புச் சாயமும் பூசிக்கொள்வது எவ்வளவு சுலபம்! அவன் மனத்தில் குற்றம் ஏதுமில்லை. ஆயினும் 1960 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஆயுதம்போல் தோற்றமளிக்கும் போலி ஆயுதத்தைச் செய்வதையும் விற்பதையும் வைத்திருப்பதையும் தனிக் குற்றமாகவே கருதுகிறது; அதற்கு ஓராண்டுவரை சிறையோ 5,000 வெள்ளிவரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். பொம்மையென்று இணையத்தில் விற்கப்படும் ஜெல் குண்டுத் துப்பாக்கிகள் விஷயத்திலும் காவல்துறை இதே எச்சரிக்கையை விடுத்திருக்கிறது. செய்தவர் மட்டுமன்றி, உதவியென்று எண்ணிச் செதுக்கிக் கொடுத்த தச்சரும் அகப்பட்டுக்கொள்வார். வீட்டில் தோளையும் கையையும் பழக்குவதற்கு ஒரு லிட்டர் தண்ணீர் நிரப்பிய புட்டி போதும். அதன் எடை ஏறக்குறையப் போட்டித் துப்பாக்கியின் எடைதான். அதை நீட்டிப் பிடித்துக்கொண்டு நிற்பதை எந்தச் சட்டமும் தடுக்காது.

அசல் துப்பாக்கியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். நம் சட்டத்தில் ஆயுதம் என்ற சொல் காற்றுத் துப்பாக்கியையும் காற்றுக் கைத்துப்பாக்கியையும், அவற்றின் உறுப்புப் பாகங்களையும் சேர்த்தே குறிக்கிறது. காற்றுத் துப்பாக்கிதானே என்ற அலட்சியம் வேறு நாடுகளில் செல்லலாம், இங்கே செல்லாது. உரிமம் வழங்கும் அதிகாரம் மாநிலக் காவல்துறைத் தலைவருக்குரியது. உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பவருக்கு ஆயுதச் சட்டத்தின்கீழ் ஏழாண்டுவரை சிறையோ 10,000 வெள்ளிவரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம். சுடுகலன் தண்டனை அதிகரிப்புச் சட்டமான 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டால், பதினான்கு ஆண்டுவரை சிறையும் ஆறுக்குக் குறையாத பிரம்படியும் உண்டு. ஆகையால் கைப்பிடியை மட்டும் கழற்றி வீட்டுக்கோ பட்டறைக்கோ எடுத்துச் செல்வதோ, வெளிநாட்டிலிருந்து தபாலில் ஒன்றை வரவழைப்பதோ, மரத்துண்டுதானே என்ற எண்ணத்தில் செய்யத்தக்கதன்று. கழகத்தின் பொறுப்பாளரிடமும், அவர் மூலமாகக் காவல்துறையின் உரிமப் பிரிவிடமும் எழுத்து மூலம் கேட்டு, எழுத்து மூலம் பதில் பெற்ற பிறகே அடியெடுத்து வைக்கவேண்டும். அரத்தையும் உப்புத்தாளையும் கழகத்துக்கு எடுத்துச்சென்று, உரிமம் பெற்றவர் முன்னிலையில் திருத்துவது எல்லாவற்றிலும் நிம்மதியான வழி. பிள்ளையைச் சேர்க்குமுன் எந்த உரிமத்தின்கீழ் பயிற்சி நடக்கிறது, துப்பாக்கிகள் எங்கே பூட்டி வைக்கப்படுகின்றன என்று கேட்பதற்குப் பெற்றோருக்குப் பூரண உரிமை உண்டு. அந்தக் கேள்விக்கு முகம் சுளிக்கும் இடத்தில் பிள்ளையை விடாதிருப்பதே நலம்.

அறியாமையால் யாரேனும் இத்தகைய சிக்கலில் அகப்பட்டுவிட்டால், பதறி ஓடவோ பொருளை மறைக்கவோ கூடாது. கைதுசெய்யப்பட்டவருக்குக் காரணம் தெரிவிக்கப்படவேண்டும், தாம் விரும்பும் வழக்கறிஞரைக் கலந்துகொள்ள இடமளிக்கவேண்டும், பிரயாண நேரம் நீங்கலாக இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்தவேண்டும் என்று கூட்டரசு அரசியலமைப்பின் ஐந்தாவது விதி சொல்லுகிறது. வழக்கறிஞருக்குப் பணமில்லாத குடிமகனுக்குத் தேசியச் சட்ட உதவி அறவாரியம் உதவி அளிக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவரானால் 2001 ஆம் ஆண்டின் சிறார் சட்டமும் சிறார் நீதிமன்றமும் உண்டு என்பதைப் பெற்றோர் மறக்கக்கூடாது.

இனி உடலின் விஷயம். ஒரு கிலோ எடையை நீட்டிய கையில் அறுபது முறையும், பயிற்சி நாட்களில் அதைவிட அதிகமாகவும் தூக்கி இறக்குகிற பிள்ளைக்கு, பிடி பொருந்தாவிட்டால் முதலில் புள்ளி குறைவதில்லை. பெருவிரலின் அடிநரம்பும் முழங்கையின் வெளிப்பக்கமும் வலிக்கின்றன. விரல் மரத்துப்போவதும், காலையில் கையை மூடித் திறக்கச் சிரமப்படுவதும் பழக்கக் குறைவால் வருவன என்று சொல்லி மேலும் பழகச் செய்வது கொடுமை. பயிற்சியை நிறுத்தி அரசாங்கச் சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளி கட்டிக் காண்பித்தால், தேவையானபோது மூவார் சுல்தானா ஃபாத்திமா நிபுணத்துவ மருத்துவமனைக்குக் கடிதம் கொடுத்தனுப்புவார்கள். காற்றுத் துப்பாக்கியின் குண்டு ஈயம். சுட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் தின்பண்டத்தைத் தொட விடக்கூடாது. கண்ணாடி அணியாமல் நிற்கவிடுவதும், குண்டில்லை என்பதைக் காட்டும் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு இழையைச் செருகாமல் துப்பாக்கியை மேசைமேல் வைப்பதும் மன்னிக்கத்தக்க குற்றங்களல்ல. காற்றுக் குப்பியில் பொறித்திருக்கும் தேதியையும் பார்க்கவேண்டும். காலாவதியான குப்பி கைக்கருகில் இருக்கும் ஓர் அழுத்தப் பாத்திரம்.

பிடியைக் கற்பிக்கும்போது பயிற்சியாளர் பிள்ளையின் கையைத் தொடவேண்டியிருக்கிறது. நல்ல ஆசிரியர் முதலில் தம் கையால் செய்து காட்டுவார். தொடவேண்டியபோது சொல்லிவிட்டுத் தொடுவார். மற்றவர் பார்க்கும் இடத்திலேயே செய்வார். இந்த மரியாதையைக் கேட்பது பிள்ளைக்கும் பெற்றோருக்கும் உரியது. எல்லை மீறப்பட்டால் கழகத்தின் மானத்தை எண்ணி மௌனமாயிருக்காமல் காவல்துறையிலேயே புகார் செய்யலாம்; 2017 ஆம் ஆண்டின் சிறாருக்கெதிரான பாலியல் குற்றச் சட்டம் அதற்கென்றே இயற்றப்பட்டது.

இடக்கைப் பிள்ளைகளின் குறையையும் சொல்லாமல் விட மனமில்லை. கழகத் துப்பாக்கிகளின் பிடி பெரும்பாலும் வலக்கைக்கே செதுக்கப்பட்டிருப்பதனால், இடக்கைப் பழக்கமுள்ள பிள்ளையை வலக்கையால் சுடும்படி நிர்ப்பந்திப்பது எளிதாகிவிடுகிறது. ஹங்கேரி நாட்டுப் படைவீரர் காரோலி தகாச்சின் வலக்கை 1938 இல் கையெறிகுண்டு வெடித்துச் சிதைந்தது. அவர் இடக்கையால் முதலிலிருந்து பழகி, 1948 இல் லண்டனிலும் 1952 இல் ஹெல்சிங்கியிலும் 25 மீட்டர் விரைவுச் சுடுதலில் தங்கம் வென்றார். கைதான் மாறியது, கற்றுக்கொள்ளும் மனம் மாறவில்லை. இடக்கைப் பிடியொன்றை வாங்கித் தரும்படி கழகத்தைக் கேட்பது சலுகை வேண்டுவதாகாது. உடற்குறையுள்ள பிள்ளைகளுக்கோ விளையாட்டில் பங்குபெறும் உரிமையை 2008 ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டமே கூறுகிறது. உட்கார்ந்தபடி சுடும் போட்டிகளும் அவர்களுக்கென்று உலகளவில் நடக்கின்றன.

இந்த விளையாட்டுக்கென்று கண்ணாடி, காலணி, காதுறை போன்ற சாதனங்களை வாங்கி ஏமாந்தவர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தை நாடலாம். ஐந்து வெள்ளிக் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலே, 50,000 வெள்ளிவரையுள்ள கோரிக்கையை மூன்றாண்டுக்குள் அங்கே பதிவுசெய்ய முடியும். ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கவேண்டும்.

முதல் நாள் பயிற்சிக்குப் போகுமுன் வீட்டில் செய்யத்தக்க காரியம் ஒன்று உண்டு. வெள்ளைக் காகிதத்தில் பிள்ளையின் கையை விரித்து வைத்து, பென்சிலால் ஓரம் வரைந்து, மணிக்கட்டிலிருந்து நடுவிரல் நுனிவரையுள்ள நீளத்தையும், பெருவிரல் நீங்கலாக உள்ளங்கையின் அகலத்தையும் அளந்து, தேதியோடு எழுதவேண்டும். அந்தக் காகிதத்தைப் பயிற்சியாளரிடம் கொடுத்தால் எந்த அளவுப் பிடி வேண்டுமென்று அவர் தேர்ந்துகொள்வார். வளர்கிற பிள்ளையின் கையை ஆறு மாதத்துக்கொருமுறை அதே காகிதத்தின்மேல் மறுபடி வைத்து, வேறு நிறப் பென்சிலால் வரைந்து பார்க்கவேண்டும். கோடு வெளியே தள்ளியிருந்தால், பழைய பிடியை மாற்றித் தரும்படி அன்றைக்கே கேட்டுவிடவேண்டும்.