ஐக்கியம்: தரங்கம்பாடியும் செராம்பூரும் காட்டிய இரு வழிகள்

தமிழ்க் கிறிஸ்தவர்களின் வழக்கில் ‘ஐக்கியம்’ என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள்கள் உண்டு. தனித்தனியே இயங்கும் சபைகள் உறவு பூண்டு, வேலையையும் செலவையும் பகிர்ந்துகொள்வதும் ஐக்கியம்தான். தத்தம் அமைப்பைக் கலைத்துவிட்டு ஒரே திருச்சபையாக இணைந்துவிடுவதும் ஐக்கியம்தான். முதற்பொருளை விடாமல் பற்றி நிற்பவர்கள் பாப்டிஸ்ட் சபையார். இரண்டாம் பொருளுக்குத் தென்னிந்தியாவில் வித்திட்ட ஊர், காவிரிப் படுகையின் கடைக்கோடியில் இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள தரங்கம்பாடி. தஞ்சை வட்டாரத்தில் பாப்டிஸ்டுகள் எண்ணிக்கையில் பெரிய பிரிவினர் அல்லர். ஆயினும், அவர்களுடைய பன்னாட்டு ஒத்துழைப்பின் வரலாற்றை எழுதப் புகுவோர் இந்த நெல்வயல் நாட்டின் கடற்கரையைத் தொடாமல் செல்ல இயலாது.

மேலாளர் இல்லாத சபைகள்

பாப்டிஸ்ட் மரபின் தொடக்கமே நாடு கடந்தது. இங்கிலாந்தில் அரசுத் திருச்சபையின் கெடுபிடிக்குத் தப்பி ஆம்ஸ்டர்டாமில் தஞ்சம் புகுந்த ஆங்கிலேயர் சிலர், 1609இல் ஜான் ஸ்மித் என்பவரின் தலைமையில் அமைத்த சிறு சபையே அதன் முதல் வடிவம் எனக் கொள்ளப்படுகிறது. அவர்களுடைய அடிப்படைக் கொள்கைகள் இரண்டு. விசுவாசத்தை வாயால் அறிக்கையிடும் வயது வந்தோருக்கே ஞானஸ்நானம் தரப்பட வேண்டும், குழந்தைகளுக்குத் தரலாகாது என்பது முதலாவது. அந்த ஞானஸ்நானம் நீரில் முழுக்காட்டித் தரப்படுவது பின்னர் வழக்காயிற்று. ஒவ்வோர் ஊர்ச் சபையும் தன் போதகரைத் தானே தெரிந்துகொண்டு தன் காரியங்களைத் தானே தீர்மானிக்கும் சுயாதீனம் உடையது, அதற்கு மேல் ஆயரோ அரசரோ ஆணையிட முடியாது என்பது இரண்டாவது.

இந்தச் சுயாதீனம் ஒரு சிக்கலையும் உடன் கொண்டுவந்தது. மேலிருந்து ஆணையிடுவார் இல்லாத இடத்தில், தொலைதேசத்துக்கு ஆள் அனுப்புவதும் பணம் திரட்டுவதும் அச்சகம் நடத்துவதும் யாருடைய பொறுப்பு என்ற வினா எழுந்தது. 1792 அக்டோபர் 2ஆம் நாள் இங்கிலாந்தின் கெட்டரிங் நகரில் சிலர் கூடி, 13 பவுண்டுகளுக்குச் சற்று மேற்பட்ட தொகையை வாக்களித்துத் தொடங்கிய பாப்டிஸ்ட் மிஷனரி சங்கம் அந்த வினாவுக்குக் கிடைத்த விடையாகும். சபைகளை ஆளாமல், சபைகள் மனமுவந்து தருவதைக் கொண்டே இயங்கும் சங்கம் என்ற அமைப்புமுறையே பின்னாளைய பாப்டிஸ்ட் ஒத்துழைப்பு அனைத்துக்கும் முன்மாதிரியாயிற்று. அச்சங்கம் அனுப்பிய வில்லியம் கேரி 1793இல் வங்காளம் வந்து சேர்ந்தார்.

தரங்கம்பாடியின் நிழலில் செராம்பூர்

கேரிக்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, சபைப் பிரிவையும் நாட்டெல்லையையும் கடந்த கூட்டுப்பணி ஒன்று காவிரிக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தது. தஞ்சையை ஆண்ட இரகுநாத நாயக்கர் 1620இல் டேனியர்களோடு செய்துகொண்ட உடன்படிக்கையின்படி தரங்கம்பாடி டேனிய வணிகத் தலமாயிற்று. 1706 ஜூலை 9ஆம் நாள் அங்கு வந்திறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும் ஜெர்மானியர். அவர்களை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் பிரெடரிக். அவர்களுக்குப் பின்புலமாக நின்றது ஜெர்மனியின் ஹாலே நகரில் பிராங்கே நடத்திய நிறுவனம். இவர்கள் அனைவரும் லுத்தரன் மரபினர் என்றாலும், எஸ்.பி.சி.கே. என்று அறியப்படும் இங்கிலாந்தின் ஆங்கிலிக்கன் சங்கமும் இப்பணிக்குத் துணை நின்றது. அச்சங்கம் அனுப்பிய அச்சுப்பொறி 1712இல் வந்து சேர, தமிழ் எழுத்துருக்கள் ஹாலேயில் வார்க்கப்பட்டு வர, தாளின் தட்டுப்பாட்டைத் தீர்க்க அருகிலுள்ள பொறையாரில் காகிதப் பட்டறை ஒன்றும் எழ, 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுமையாக அச்சேறியது. நாடுகள் மூன்றும் சபை மரபுகள் இரண்டும் ஒரு நூலுக்காகத் தம் கைப்பொருளை ஒன்று சேர்த்தன. எவரும் தம் மரபைக் கைவிட வேண்டியிருக்கவில்லை.

தரங்கம்பாடியை நிர்வாகத் தலைமையிடமாகக் கொண்ட டேனியர்களுக்கு, கல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி ஆற்றங்கரையில் செராம்பூர் என்னும் இன்னொரு குடியேற்றமும் இருந்தது. மதப் பணியாளர்கள் வருவதால் தன் வணிகத்துக்கு இடையூறு நேரும் என அஞ்சிய ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி அவர்களைத் தன் ஆட்சிப் பகுதியில் அனுமதிக்க மறுத்துவந்த காலம் அது. எனவே, 1799 அக்டோபரில் அமெரிக்கக் கப்பலொன்றில் வந்த மார்ஷ்மனும் வார்டும் டேனியக் கொடியின் கீழ் செராம்பூரில் இறங்கினர். 1800 ஜனவரியில் கேரியும் அவர்களோடு சேர்ந்தார். அங்கு அதிகாரியாக இருந்த ஓலே பீ, ஆங்கிலேயரின் நெருக்குதலுக்கு இணங்காமல் அவர்களுக்குப் பாதுகாப்பளித்தார். அரசுத் திருச்சபை என்ற ஏற்பாட்டையே மறுத்த பாப்டிஸ்டுகள், லுத்தரன் அரசுத் திருச்சபையின் தலைவரான டென்மார்க் மன்னரின் கொடிநிழலில் வேரூன்றினர் என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று.

தஞ்சைக்காக வங்கத்தில் அச்சேறிய வேதம்

இக்காலத்தில் தஞ்சைக் கிறிஸ்தவர்களிடையே லுத்தரன் மிஷனரியான சுவார்ட்ஸின் நினைவு பசுமையாக இருந்தது. 1750இல் தமிழகம் வந்து 1798இல் தஞ்சையில் மறைந்த அவர், ஹைதர் அலியின் படையெடுப்பால் தஞ்சைக் கோட்டை பட்டினியில் வாடியபோது, விலை கிடைக்காது என அஞ்சிக் கம்பெனிக்கு நெல் தர மறுத்த உழவர்களிடம் தாமே பொறுப்பேற்று வாக்களித்து, 80,000 கலம் தானியம் திரட்டித் தந்ததாகப் பதிவு உண்டு. இரண்டாம் சரபோஜி மன்னர் அவருக்காக இங்கிலாந்தின் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு செதுக்குவித்த பளிங்குச் சிற்பம் சிவகங்கைக் கோட்டையிலுள்ள தேவாலயத்தில் இன்றும் இருக்கிறது.

ஆனால் சபை வளர்ந்த அளவுக்கு அதன் கையில் நூல்கள் இல்லை. 1806இல் தஞ்சைக்கு வந்த கம்பெனிக் குருவானவர் கிளாடியஸ் புக்கானன், தமிழ் வேதாகமம் கிடைக்காமல் அங்குள்ளோர் படும் குறையைக் கண்டு எழுதினார். அதன் விளைவாகக் கல்கத்தாவின் ஆங்கிலிக்கன் குருமார் நிதி திரட்டினர்; 1811இல் அங்கு ஒரு துணை வேதாகமச் சங்கமும் அமைந்தது. லுத்தரன் மரபினரான பெப்ரீஷியஸ் செய்திருந்த தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிடும் பொறுப்பு, பாப்டிஸ்டுகளின் செராம்பூர் அச்சகத்துக்குத் தரப்பட்டது. 1812 மார்ச் 11ஆம் நாள் மூண்ட தீ அந்த அச்சகத்தைக் கையெழுத்துப் படிகளோடும் பல மொழி எழுத்துருக்களோடும் எரித்தது. எழுத்து வார்க்கப் பயன்படும் எஃகு அச்சுகள் தப்பியதால், உருகிக் கிடந்த உலோகத்தைக் கொண்டே எழுத்துகள் மீண்டும் வார்க்கப்பட்டன. இங்கிலாந்தில் பல சபையினரும் சேர்ந்து சில மாதங்களில் ஏறத்தாழ 10,000 பவுண்டு திரட்டி இழப்பை ஈடுசெய்தனர். தஞ்சைக்கான தமிழ் வேதப் பணியும் நிறைவேறியது. லுத்தரன் மொழிபெயர்ப்பு, ஆங்கிலிக்கன் நிதி, பாப்டிஸ்ட் அச்சகம், தமிழ் வாசகர் என அமைந்த அந்தக் கூட்டுறவுக்குப் பெயரோ சாசனமோ இல்லை. வேலை மட்டும் இருந்தது.

கேரியின் கனவும் அசரியாவின் அழைப்பும்

1806இல் கேரி இன்னொரு யோசனையையும் முன்வைத்தார். எல்லாச் சபைப் பிரிவுகளின் பணியாளர்களும் ஆப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் 1810இல் ஒன்றுகூடவும், அதன்பின் பத்தாண்டுக்கு ஒருமுறை கூடவும் வேண்டும் என்பது அது. அவருடைய சங்கத்தின் செயலாளர் ஆண்ட்ரூ புல்லர் அதனை நடவாத இனிய கனவாகக் கருதி ஒதுக்கினார். கேரி குறித்த ஆண்டுக்குச் சரியாக நூறாண்டுகளுக்குப் பின், 1910இல், எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு கூடியது. அங்கே, வெள்ளையர் இந்தியரைச் சமமான நண்பராக நடத்த வேண்டும் எனத் துணிந்து பேசியவர் திருநெல்வேலிச் சீமையில் பிறந்த வி.எஸ். அசரியா. 1912இல் அவர் முதல் இந்திய ஆங்கிலிக்கன் ஆயரானார்.

அதே அசரியாவின் முன்முயற்சியால் 1919 மே 1, 2 ஆகிய நாள்களில் தரங்கம்பாடியில் 33 பேர் கூடினர். அவர்களுள் இருவர் தவிர ஏனையோர் இந்தியர். தங்களைப் பிரித்து வைத்திருக்கும் பிரிவுகள் தாங்கள் உண்டாக்கியவை அல்ல, வெளியிலிருந்து வந்து படிந்தவை என்று கூறி, ஆங்கிலிக்கன் சபையும் தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைய வேண்டும் என அவர்கள் வெளியிட்ட அறிக்கையே தரங்கம்பாடி அறிக்கை எனப்படுகிறது. 28 ஆண்டுகள் நீண்ட பேச்சுவார்த்தையின் முடிவில், மெதடிஸ்டுகளையும் உள்ளடக்கி 1947 செப்டம்பர் 27இல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. அசரியா அதனைக் காணவில்லை. 1945 தொடக்கத்திலேயே மறைந்திருந்தார்.

அந்த இணைப்பில் பாப்டிஸ்டுகள் சேரவில்லை. குழந்தை ஞானஸ்நானத்தை ஏற்பதும் ஆயர் ஆட்சிக்கு உட்படுவதும் தம் மரபின் இரு தூண்களையும் இழப்பதற்குச் சமம் என்பது அவர்களுடைய நிலை. தரங்கம்பாடியின் நேரடி வாரிசும், 1919 ஜனவரியில் உருவாகித் திருச்சியைத் தலைமையிடமாகக் கொண்டதுமான தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையும் வெளியிலேயே நின்றது. வடக்கே நிலைமை வேறு. 1970இல் நாகபுரியில் உருவான வட இந்தியத் திருச்சபையில் பாப்டிஸ்ட் சபைகளின் ஒரு பகுதி இணைந்தது. ஆக, பாப்டிஸ்டுகளுக்கு உள்ளேயே ஐக்கியத்தின் இரு பொருள்களும் இடம்பெற்றுள்ளன.

ஆணையிடாத உலகக் கூட்டமைப்பு

1905 ஜூலையில் லண்டனில் தோன்றிய உலக பாப்டிஸ்ட் கூட்டமைப்பு முதற்பொருளின் முழு வடிவம். இன்று 130க்கும் மேற்பட்ட நாடுகளின் பாப்டிஸ்ட் சங்கங்கள் அதில் உறுப்பு வகிக்கின்றன. வழிபாடு, நிவாரணம், சமய உரிமை ஆகியவற்றில் அது உறுப்புச் சபைகளை ஒன்றிணைக்குமே தவிர, எந்த ஊர்ச் சபையின் தீர்மானத்தையும் மாற்றும் அதிகாரம் அதற்கு இல்லை. இந்தியச் சபைகளும் பெறுவோராக மட்டும் நிற்கவில்லை. அமெரிக்க பாப்டிஸ்டுகளின் உழைப்பால் நெல்லூர், ஓங்கோல் பகுதிகளில் வளர்ந்த தெலுங்குச் சபைகள், நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற தம் மக்களுக்காக 1903இல் ஜான் ரங்கையாவைத் தென்னாப்பிரிக்காவுக்கு அனுப்பின. காவிரிக்கு வடக்கே கொல்லிமலையில் ஸ்டிரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸ்ஸி பிராண்டும் அவர் மனைவி எவிலினும் மருத்துவமும் கல்வியும் வளர்த்தனர். 1914இல் பிறந்து அங்கே சிறுவயதைக் கழித்த அவர்கள் மகன் பால் பிராண்ட், 1946இல் பல சபைகள் கூட்டாகத் தாங்கிய வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயால் முடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவை மூலம் மீண்டும் இயங்கச் செய்தார். கொள்கையில் இறுக்கமான ஒரு சபையின் பிள்ளை, தன் சபைக்கு உரிமையில்லாத மருத்துவமனையில்தான் பெரும்பணி செய்தார்.

இணைப்பு வழி ஒரே மேசையையும் ஒரே ஆயர் அமைப்பையும் தந்தது. அதற்கு 28 ஆண்டுகளும் பல விட்டுக்கொடுப்புகளும் தேவைப்பட்டன. உறவு வழி பிரிவுகளை அப்படியே விட்டுவைத்தது. ஆயினும் அச்சகமும் மருத்துவமனையும் கல்லூரியும் அதனால் தாமதமின்றி எழுந்தன. ஒன்றை மற்றொன்றின் தோல்வியாகக் காண்பது பிழை என்பதற்குச் செராம்பூர்க் கல்லூரியே சான்று. கேரியும் தோழர்களும் 1818இல் நிறுவிய அக்கல்லூரிக்கு, டென்மார்க் மன்னர் ஆறாம் பிரெடரிக் 1827 பிப்ரவரி 23இல் பட்டம் வழங்கும் உரிமையைச் சாசனமாக அளித்தார். 1845இல் தரங்கம்பாடியும் செராம்பூரும் ஆங்கிலேயருக்கு விற்கப்பட்டபோதும் அந்த உரிமை காக்கப்பட்டது. இன்று மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் தென்னிந்தியத் திருச்சபை மாணவரும் லுத்தரன் மாணவரும் ஒரே வகுப்பில் பயின்று பெறும் இறையியல் பட்டத்தை வழங்குவது, அச்சாசனத்தின் வழிவந்த செராம்பூர் ஆட்சிக்குழுவே.