சைக்கிள் மிதித்த கால், ஓட இறங்கியபோது

2006 நவம்பரில் நியூயார்க் மாரத்தானில் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் ஓடினார். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தின் 7 பட்டங்கள் அப்போது அவர் பெயரில் இருந்தன. (ஊக்கமருந்து விவகாரத்தில் 2012இல் அத்தனையும் பறிபோனது வேறு கதை.) மூன்று வாரம், மலையும் மேடுமாக மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் மிதித்துப் பழகியவருக்கு 42 கிலோமீட்டர் ஓட்டம் எம்மாத்திரம்? 2 மணி 59 நிமிடம் 36 விநாடியில் ஓடி முடித்தார். யாருக்கும் அது நல்ல நேரம்தான். ஆனால் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் இடையே வலி பின்னி எடுத்துவிட்டது. உடலால் தான் செய்ததிலேயே கடினமானது இதுதான் என்று முடித்த கையோடு சொன்னார்.

இத்தனைக்கும் அவருடைய இதயமும் நுரையீரலும் உலகத் தரம். சிக்கல் காலில் இருந்தது. சைக்கிளில் உடல் எடையின் பெரும்பகுதியைச் சீட் தாங்கிக்கொள்கிறது; தொடைத் தசை சுருங்கிப் பெடலைத் தள்ளினால் போதும். ஓட்டத்தில் ஒவ்வொரு முறை பாதம் தரையில் இறங்கும்போதும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. முழங்கால் மடிந்து ஆள் விழுந்துவிடாதபடி தொடைத் தசை பிரேக் பிடிக்க வேண்டும். அந்தக் கணத்தில் தசை இழுபட்டு நீண்டுகொண்டே வேலை செய்கிறது. நார்களை அதிகம் குலைப்பது இந்த வகை உழைப்புதான். மலைக்கோயிலுக்குப் போய் வந்த மறுநாள் தொடை பிடித்துக்கொள்கிறதே, அதற்கு ஏறிய படிகளைவிட இறங்கிய படிகளே பெரிய காரணம். ஆம்ஸ்ட்ராங்கின் கால்கள் இதற்குப் போதிய அளவு பழகியிருக்கவில்லை.

ஆக, 'ஆள் ஃபிட்டா?' என்ற கேள்வி பாதிக் கேள்விதான். எதற்கு ஃபிட் என்பது மீதிப் பாதி.

நீண்ட நேரம் சீராக ஓடினாலோ மிதித்தாலோ, ஒரு துடிப்பில் இதயம் வெளியே தள்ளும் ரத்தத்தின் அளவு கூடுகிறது. தசைக்குள் நுண்குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. 'தம்' முழுக்க நெஞ்சுக்கூட்டுக்குள் இருப்பதாகத்தான் நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ஜான் ஹலோசி என்ற ஆய்வாளர் எலிகளை வாரக்கணக்கில் ட்ரெட்மில்லில் ஓடவிட்டு, கால் தசையை எடுத்துச் சோதித்தார். ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றல் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா நொதிகளின் செயல்பாடு சுமார் இரண்டு மடங்காகியிருந்தது. 1967இல் வெளிவந்த முடிவு இது. தம்மில் ஒரு பெரும் பங்கு காலுக்குள்ளேயே இருக்கிறது. உழைத்த தசையில்தான் அது கூடும். ஓடி ஓடிக் காலில் சேர்த்ததைத் தோளுக்கு மாற்றிக்கொள்ள முடியாது.

அந்த ஆய்வகத்துக்கு ராபர்ட் ஹிக்சன் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். பளு தூக்குவதில் ஆர்வம் கொண்டவர். பேராசிரியர் ஹலோசி தினமும் ஓடுவார். கூடவே இவரும் ஓடத் தொடங்கினார். ஓட ஓட, பாடுபட்டு ஏற்றிய தசை கரைவது போலிருந்தது. அதைப் போய்ச் சொன்னபோது, தனி ஆய்வகம் அமைந்ததும் முதலில் இதைச் சோதித்துப் பார் என்றாராம் ஹலோசி. (ஆய்வுக்கூடத்தில் தோன்றும் கேள்விகளைவிட இப்படிச் சொந்த உடம்பில் தோன்றும் கேள்விகள் பல நேரம் சுவையானவை.) ஹிக்சன் மூன்று குழுக்களை அமைத்து 10 வாரம் பயிற்சி கொடுத்தார். ஒரு குழுவுக்குப் பளு மட்டும், இன்னொன்றுக்கு ஓட்டமும் சைக்கிளும், மூன்றாவதற்கு இரண்டும். பளுக் குழுவின் வலு கடைசிவரை ஏறிக்கொண்டே போனது. இரண்டும் செய்தவர்களுக்கு ஏழெட்டு வாரம் ஏறி, அங்கே நின்று, பிறகு இறங்கவே தொடங்கியது. ஆனால் தம்மில் அவர்கள் ஓட்டக் குழுவுக்குச் சளைக்கவில்லை. ஓட்டம் வலுவைத் தடுத்தது. பளு தம்மைத் தடுக்கவில்லை. 1980இல் இதை வெளியிட்டார்.

இதைப் படித்துவிட்டு வாக்கிங்கை நிறுத்தத் தேவையில்லை. அவர்கள் வாரத்தில் ஐந்தாறு நாள், உச்ச வேகத்தில் வதைத்துக்கொண்டவர்கள். அளவோடு இரண்டையும் செய்பவர்களுக்கு இந்த இடைஞ்சல் மிகச் சிறியது.

ஜப்பானின் இசுமி தபாதா 1996இல் வெளியிட்ட ஆய்வு இன்னொரு கோணம். 20 விநாடி சைக்கிளை வெறித்தனமாக மிதி, 10 விநாடி ஓய்வு, இப்படி ஏழெட்டுச் சுற்று. தினம் ஒரு மணி நேரம் மிதமாக மிதித்தவர்களுக்குத் தம் மட்டும் கூடியது. சுற்றுச் சுற்றாக மிதித்தவர்களுக்குத் தம்மும் கூடி, ஆக்சிஜன் போதாதபோதும் தசை உழைக்கும் திறன் 28 சதவீதம் உயர்ந்தது. மொத்தமே நாலு நிமிடம்தான் என்றதும் ஆசை வரும். செய்து பார்த்தவர்களைக் கேளுங்கள்.

நம் பூங்காக்களில் காலையில் நடப்பவர்கள் பெரும்பாலும் நடையோடு நிறுத்திக்கொள்கிறார்கள். தண்டாலும் பஸ்கியும் வாலிபர்களுக்கு என்று ஒதுக்கியாயிற்று. ஆனால் வயதாக ஆகத் தம்மோடு வலுவும் குறைகிறது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியாமல் போவதற்கு வலுக் குறைவு ஒரு பெரிய காரணம். பாஸ்டனில் மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவர், முதியோர் இல்லத்தில் இருந்த, சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு எட்டு வாரம் கால்களுக்குப் பளுப் பயிற்சி கொடுத்தார். பெயருக்குக் கொடுத்த எடை அல்ல. ஒருமுறை தூக்க முடிந்த உச்சத்தில் 80 சதவீதம். உச்சம் கூடக் கூட எடையும் கூடியது. 1990இல் வெளியான முடிவின்படி, பயிற்சியை முடித்த ஒன்பது பேரின் கால் வலு சராசரியாக 174 சதவீதம் உயர்ந்தது. தொடைத் தசை பெருத்ததோ 9 சதவீதம்தான். மிச்ச வலுவில் பெரும்பகுதி நரம்புகள் தந்தது: உறங்கிக்கிடந்த நார்களையும் ஒரே நேரத்தில் வேலைக்கு அழைக்க மூளை கற்றுக்கொண்டது. பயிற்சியை நிறுத்திய நான்கு வாரத்தில் அந்த வலு கணிசமாக இறங்கியும் போனது.