உகாண்டாவுக்குப் பயணப்படுகிறவர்களுக்கு



இந்த ஊழியத்தைத் தாங்கிவரும் குடும்பங்களிலிருந்து வேலைக்காகவும் ஊழியத்துக்காகவும் உகாண்டாவுக்குப் புறப்படுகிறவர்கள், "அது எப்படிப்பட்ட தேசம்?" என்று எங்களிடம் கேட்பதுண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம்.

உகாண்டா கிழக்கு ஆப்பிரிக்காவில் கடற்கரை இல்லாத நாடு. பூமத்திய ரேகை அதன் வழியே சென்றாலும், பெரும்பகுதி மேட்டு நிலமாதலால் விழுப்புரத்துக் கோடை வெயில் அங்கே இராது. விக்டோரியா ஏரியிலிருந்து நைல் நதி புறப்படுவது ஜிஞ்சா நகரில். தலைநகர் கம்பாலா, விமானம் இறங்குவது என்டெபேயில். வாழைக்காயை அவித்து மசித்த 'மடோக்கே' அங்கே முக்கிய உணவு. ஆங்கிலம் ஆட்சிமொழி. ஆனால் லுகாண்டா மொழியில் நேரம் சொன்னால் கவனியுங்கள்: காலை 7 மணியை முதலாம் மணி என்பார்கள். சுவிசேஷங்களிலும் சூரிய உதயம் முதற்கொண்டே மணி எண்ணப்படுகிறது அல்லவா?

இனி உடல்நலக் காரியங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைப் புறப்படுவதற்குக் குறைந்தது 10 நாட்களுக்கு முன் போட்டுக்கொள்ள வேண்டும். இது மஞ்சள் காமாலை அல்ல. கொசுவால் பரவும் வேறு நோய். சான்றிதழ் இல்லாமல் திரும்பினால் இந்திய விமான நிலையத்தில் 6 நாட்கள் வரை தனிமையில் வைக்கப்படலாம். சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையத்தில் இந்த ஊசி போடுகிறார்கள். மலேரியா அங்கே உயிரைப் பறிக்கும் வகையைச் சேர்ந்தது. தடுப்பு மாத்திரையை மருத்துவரிடம் கேட்டுப் பெறுங்கள்; கொசுவலைக்குள் உறங்குங்கள். ஊர் திரும்பியபின் காய்ச்சல் கண்டால், உகாண்டா போய்வந்ததை மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். ஏரியில் குளிக்க வேண்டாம்; தோல் வழியே உட்புகும் புழு அதில் உண்டு.

இந்தியர் அங்கே புதியவர்கள் அல்லர். 1896 முதல் மொம்பாசா இரயில் பாதை போட வந்தவர்களில் பலர் உயிரிழந்தார்கள்; பின்னர் வணிகர் பலர் வந்து செழித்தார்கள். 1972 ஆகஸ்டில் இடி அமீன் ஆசியர்களுக்கு 90 நாள் கெடு விதித்துத் துரத்தினார். அது பெரும் அநியாயம். ஆயினும் கடை நம்முடையது, கூலி அவர்களுடையது என்றிருந்த வாழ்வில் கசப்பு முளைத்திருந்ததையும் மறைக்கலாகாது. 1990களில் பலர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஆகையால் அங்குள்ள வேலையாட்களிடம் நாம் பேசும் விதமே நம் சாட்சி.

1890-இல் திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று தாய்மார் பிரசவத்தில் மரித்தது ஐடா ஸ்கடர் அம்மையாரின் வாழ்வைத் திருப்பியதை நம் பகுதியார் அறிவோம். அதே காலத்தில், 1897-இல், ஆல்பர்ட் குக் என்ற மிஷனெரி மருத்துவர் கம்பாலாவில் மெங்கோ மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் மனைவி கேத்தரின் உகாண்டாப் பெண்களுக்குப் பேறுகாலப் பயிற்சி அளித்தார். அந்த மருத்துவமனை இன்றும் நடக்கிறது.

ஆனால் அந்தச் சபை வெளியாரால் மாத்திரம் நிலைத்ததல்ல. 1886 ஜூன் 3-ஆம் தேதி நமுகோங்கோவில் அரண்மனை இளைஞர் பலர் விசுவாசத்துக்காக நெருப்பில் மடிந்தார்கள். 1977-இல் பேராயர் ஜனானி லுவும் கொல்லப்பட்டார். 2000-இல் குலு பகுதியில் எபோலா பரவியபோது, லாகோர் மருத்துவமனையின் மருத்துவர் மேத்யூ லுக்வியா நோயாளிகளை விட்டு விலகாமல் உழைத்து, அதே நோயால் டிசம்பரில் மரித்தார்.

எனவே, இருள் சூழ்ந்த தேசத்துக்கு ஒளி கொண்டுபோகிறோம் என்ற எண்ணத்தை இங்கேயே இறக்கிவைத்துவிட்டுப் போங்கள். விருந்தாளிகளாய்ப் போங்கள், கற்றுக்கொண்டு வாருங்கள். உங்கள் போக்கையும் வரத்தையும் கர்த்தர் காப்பாராக என்று வேண்டுகிறோம்.

ஊழியத்தில் உங்களோடு,
மருத்துவமனைப் போதகர், அனந்தபுரம்