குடவோலை கற்பிக்கும் காலவரம்பு

ஊராட்சி என்றதும் நாம் உத்திரமேரூரையே நினைக்கிறோம். நம் வீட்டு வாசலில் இருக்கும் மானூரை மறந்துவிடுகிறோம். நெல்லைக்கு வடக்கே, மானூர்க் கோயிலில் உள்ள பாண்டியன் மாறஞ்சடையனின் கல்வெட்டு கி.பி. 800ஐ ஒட்டியது. ஊர்ச் சபையில் அமர்வோர்க்கு நிலப்பங்கும் தருமநூற் பயிற்சியும் நல்லொழுக்கமும் வேண்டும் என்று அது விதிக்கிறது. எடுத்த பொருள்தோறும் மறுப்பே கூறிச் சபையைத் தடுப்பவர்க்கு 5 காசு தண்டம்.

எவர் அமரலாம் என்பது மானூரின் கவலை. எத்தனை நாள் அமரலாம் என்ற கவலையை, ஒரு நூற்றாண்டு கழித்து, முதற் பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) காண்கிறோம். 30 குடும்புகளிலிருந்தும் ஓலையில் பெயரெழுதிக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுப்பித்தனர். வாரியப் பொறுப்பு 360 நாள். முந்தைய மூன்றாண்டுகளுள் வாரியம் செய்தவர் பெயர் குடத்தில் இடப்படாது. பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் நெருங்கிய உறவினரும் விலக்கப்பட்டனர். ஏரியும் பொன்னும் ஒருவர் கையிலேயே நெடுநாள் தங்கினால் கணக்கு மங்கும் என அவர்கள் கருதினர் போலும்.

இதைக் கூறி வெறும் பெருமை கொள்வது நம் நோக்கமன்று. 35 வயதுக்கு மேல் 70க்குள், சொந்த நிலமும் வேதக்கல்வியும் உடைய ஆடவர்க்கே அக்குடத்தில் இடமிருந்தது. உழைப்பாளிக்கும் பெண்ணுக்கும் இடமில்லை.

இன்று வாயில் அகன்றுள்ளது. 1992இல் நிறைவேறிய 73ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994ஆம் ஆண்டுத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் மகளிர்க்கும் ஒடுக்கப்பட்டோர்க்கும் இடம் ஒதுக்கின. பதவிக்காலம் ஐந்தாண்டு என்றன. ஆனால் ஒருவரே எத்தனை முறை தலைவராகலாம் என்பதற்கு வரம்பு வகுக்கவில்லை. ஒதுக்கீட்டுச் சுழற்சி மறைமுக வரம்பாக அமைவதுண்டு. ஆயினும், மனைவி பெயரில் கணவரே ஆளும் காட்சியை நாம் காணாதவரல்லர். அன்று வட்டம் சிறிது, நாற்காலி சுழன்றது. இன்று வட்டம் பெரிது, நாற்காலி பல ஊர்களில் சுழல்வதில்லை.

மக்கள் விரும்பும் நல்லவரை ஏன் தடுக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான வினாவே. உத்திரமேரூரார் எவரையும் பணிமுடித்த குற்றத்திற்காக வாழ்நாள் முழுதும் விலக்கவில்லை. மூன்றாண்டு ஒதுங்கியிருக்கச் செய்தனர். பிலிப்பைன்ஸ் நாட்டின் 1987ஆம் ஆண்டு அரசியலமைப்பும் உள்ளாட்சித் தலைவர்களைத் தொடர்ந்து மூன்று தவணைக்குமேல் அனுமதிப்பதில்லை; இடைவெளிவிட்டு மீளலாம். அவ்விடைவெளியில் அடுத்த தலைமுறை பழகிக்கொள்ளும்.

காலவரம்பு அரசுக்கும் உரியது. 2016 அக்டோபரில் பதவிக்காலம் முடிந்த நெல்லை மாவட்ட ஊராட்சிகள், 2021 அக்டோபர்த் தேர்தல் வரை ஐந்தாண்டுகள் தனி அலுவலர் பொறுப்பிலேயே இருந்தன. குறித்த நாளில் தேர்தல் இன்றேல், எவ்வரம்பும் ஏட்டுச் சுரைக்காயே.

ஊர்ப்பொறுப்பு ஓர் அமானிதம். பெற்றவர் கணக்கோடு திருப்பித் தரவேண்டியது அது. ஊராட்சியாயினும் கல்விச் சங்கமாயினும், பொறுப்பேற்கும் நாளிலேயே இறங்கும் நாளையும் எழுதிவைப்போம்.