மண்ணுலகத்தார்க்கு விண்ணுலகில் என்ன பெயர்?

கல்லூரியை விட்டுச் செல்லும் மாணவனுக்கு மாற்றுச் சான்றிதழோடு நன்னடத்தைச் சான்றிதழ் ஒன்றும் வழங்கப்படுகின்றது. மனித குலம் முழுமைக்கும் அப்படி ஒரு சான்றிதழ் வழங்குவதென்றால் அதில் கையொப்பம் இடுபவர் யார்? மனிதனைப் பற்றி மனிதனே சாட்சி சொன்னால் வழக்கு எடுபடாது. வெளியிலிருந்து ஒருவர் வரவேண்டும். அந்த ஒருவரைத்தான் மேனாட்டு விஞ்ஞானக் கதாசிரியர்கள் வேற்றுக் கோள்களிலிருந்து வரவழைத்திருக்கிறார்கள். வந்தவர் பேசும் பேச்சு ஆசிரியருடையதுதான். ஆயினும் தன்னையே அயலான் கண்கொண்டு பார்க்கும் இம்முயற்சி சுவையானது. அவற்றுள் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இதன் தொடக்கம் ராக்கெட்டுக்கு வெகு காலம் முற்பட்டது. 1752-ல் பிரெஞ்சு அறிஞர் வால்ட்டேர் 'மைக்ரோமேகா' என்ற சிறு கதையை வெளியிட்டார். சிரியஸ் விண்மீனைச் சார்ந்த உலகிலிருந்து ஒரு மாபெரும் உருவினனும், சனிக் கோளிலிருந்து அவனை நோக்கக் குள்ளனான ஒருவனும் பூமிக்கு வருகிறார்கள். மனிதன் அவர்கள் கண்ணுக்குத் தென்படவே இல்லை. வைரக் கல்லை உருப்பெருக்கியாக வைத்துத் தேடி, ஒரு கப்பலில் இருந்த தத்துவ ஞானிகளைக் கண்டுபிடிக்கிறார்கள். இத்துணைச் சிறிய உடலில் இவ்வளவு கணித அறிவா என்று வியப்பு. தொப்பி அணிந்த ஒரு லட்சம் பேரும் தலைப்பாகை அணிந்த ஒரு லட்சம் பேரும் ஒரு துண்டு மண்ணுக்காக வெட்டி மடிகிறார்கள் என்று கேட்டுச் சினம். படைப்பு முழுவதும் மனிதனுக்காகவே என்று அந்த ஞானிகளுள் ஒருவர் சொன்னதும் அடக்க முடியாத சிரிப்பு. பின்னால் வந்த கதைகள் பலவும் இம்மூன்றில் ஒன்றைப் பற்றிக்கொண்டவையே. நான்காவதாக ஓர் உணர்ச்சி உண்டு; அது வால்ட்டேருக்குத் தோன்றவில்லை. அதைப் பின்னர்ச் சொல்கிறேன்.

இங்கிலாந்தின் எச். ஜி. வெல்ஸ் 1898-ல் நூலாக வெளியிட்ட 'உலகங்களின் போர்' பலரும் அறிந்தது. செவ்வாய்வாசிகளுக்கு நம்மைப் பற்றி நல்லெண்ணமும் இல்லை, கெட்ட எண்ணமும் இல்லை. நாம் இரை, அவ்வளவே. அவர்களைக் கடிந்துகொள்ளுமுன், டாஸ்மேனியத் தீவின் பழங்குடி மக்களுக்கு ஐரோப்பியக் குடியேறிகள் இழைத்ததை எண்ணிப் பாருங்கள் என்று முதல் அத்தியாயத்திலேயே வெல்ஸ் தம் நாட்டாருக்கு நினைவூட்டி விடுகிறார். பேரரசின் உச்சியில் இருந்த நாட்டில் இப்படி எழுதத் துணிவு வேண்டும்.

ஆனால் என் மனத்தில் ஆழப் பதிந்தது அக்கதையன்று. 1901-ல் வந்த 'சந்திரனில் முதல் மனிதர்கள்'. கேவர் என்னும் விஞ்ஞானி ஈர்ப்பு விசையைத் தடுக்கும் பொருள் ஒன்றைச் செய்து, பெட்ஃபோர்டு என்பவரோடு சந்திரனுக்குப் போகிறார். பெட்ஃபோர்டு தங்கத்தோடு தப்பி வந்துவிடுகிறார். பின்தங்கிய கேவர், சந்திரனின் உட்குகைகளில் வாழும் பூச்சி போன்ற மக்களிடம் அகப்பட்டு, அவர்களுடைய பேரரசர் முன் நிறுத்தப்படுகிறார். பேரரசருக்கு உடம்பு சிறிது, மூளை மிகப் பெரிது. பூமியைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்கிறார். கேவரோ சூதுவாது அறியாத மனிதர். கேட்டதற்கெல்லாம் உள்ளது உள்ளபடி விடை சொல்கிறார். போர் என்று ஒன்று உண்டென்பதைப் பேரரசரால் நம்ப முடியவில்லை. படையெடுப்பு, முற்றுகை, பீரங்கி என்று ஒரு பேராசிரியரின் பொறுமையோடு கேவர் விளக்குகிறார்! சந்திரனுக்கு வரும் வழியை அறிந்தவன் தான் ஒருவனே என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறார். கம்பியில்லாத் தந்தி வழியாகப் பூமிக்கு வந்துகொண்டிருந்த அவருடைய செய்திகள் அதன்பின் நின்றுபோகின்றன. கடைசிச் செய்தி அப்பொருளைச் செய்யும் முறையைச் சொல்லத் தொடங்கிப் பாதியில் அறுந்துவிடுகிறது.

சந்திரவாசிகள் செய்தது நியாயந்தானோ என்று படிப்பவருக்கு ஒரு கணம் தோன்றுகிறதே, அங்கேதான் வெல்ஸ் நம்மைப் பிடித்துக்கொள்கிறார். கேவர் நம் குலத்தின் சாட்சி. பொய் சொல்லியிருந்தால் பிழைத்திருப்பார்.

ஹிரோஷிமாவுக்குப் பின் இந்த வழக்கு வேறு நீதிமன்றத்துக்குப் போயிற்று. 1951-ல் வெளிவந்த 'பூமி நின்ற நாள்' என்ற அமெரிக்கத் திரைப்படத்தில் கிளாட்டூ என்னும் தூதர் வாஷிங்டனில் இறங்கி, ஒரு பரிசுப் பொருளை நீட்டுகிறார். அதை ஆயுதமென்று எண்ணி ஒரு சிப்பாய் சுட்டுவிடுகிறான். கைகொடுக்கு முன்னே துப்பாக்கி! உங்கள் சண்டையை விண்வெளிக்குக் கொண்டு வந்தால் பூமியே சாம்பலாகும் என்று எச்சரித்துவிட்டு அவர் திரும்புகிறார்.

எல்லாரும் இப்படித் தலைகுனிந்து நின்றார்கள் என்று எண்ண வேண்டா. 'அஸ்டவுண்டிங்' இதழின் ஆசிரியர் ஜான் கேம்ப்பெல், வேற்றுலகத்தார் மனிதனைவிட உயர்ந்து நிற்பதை விரும்பாதவர். இந்தத் தொல்லையே வேண்டாமென்றுதான் ஐசக் அசிமோவ் தம் 'ஃபவுண்டேஷன்' தொடரில் இரண்டரைக் கோடி உலகங்களையும் மனிதர்களாலேயே நிரப்பினார். 1956 முதல் 2008-ல் மறையும் வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், 1946-ல் அவ்விதழில் எழுதிய ஒரு கதையில், வெடிக்கப் போகும் சூரியனிடமிருந்து நம்மைக் காப்பாற்ற வேற்றுலகத்தார் விரைந்து வருகிறார்கள். பூமி வெறிச்சோடிக் கிடக்கிறது. மனிதர்கள் தாமே கப்பல்கள் கட்டிப் புறப்பட்டுவிட்டார்கள். இந்த வேகம் நமக்கே ஆபத்தாகுமோ என்ற நடுக்கம் வந்தவர்களுக்கு. நல்ல கதைதான்; ஆனால் இதில் கொஞ்சம் சுயபுராணம் கலந்திருப்பதாக எனக்குப் படுகிறது.

பிறகு வந்தவர்கள் சிரிக்கத் தொடங்கினார்கள். டக்ளஸ் ஆடம்ஸ் 1978-ல் பி.பி.சி. வானொலிக்கு எழுதிய நகைச்சுவைத் தொடரில் அண்டம் முழுவதுக்குமான வழிகாட்டி நூல் ஒன்று வருகிறது. அதில் பூமிக்குக் கிடைத்த இடம் ஒரே ஒரு சொல்: தீங்கற்றது. ஓர் ஆய்வாளர் பதினைந்து ஆண்டுகள் இங்கே தங்கி ஆராய்ந்தபின் அது, பெரும்பாலும் தீங்கற்றது என்று விரிவடைகிறது. கெட்ட பெயரைவிடக் கொடியது பெயரே இல்லாமை. 1991-ல் அச்சான டெர்ரி பிசனின் குட்டிக் கதையில், சிந்திப்பவை வெறும் மாமிசப் பிண்டங்கள் என்று அறிந்த இருவர் அருவருத்து, நம்மைப் பற்றிய பதிவையே அழித்துவிட்டுப் போய்விடுகிறார்கள்.

நான்காவது உணர்ச்சி அச்சம். படைபலத்தைக் கண்டு எழும் அச்சமன்று. சீன எழுத்தாளர் லியூ சிசின் 2008-ல் வெளியிட்ட 'இருண்ட வனம்' நாவலில் வரும் வேற்றுலகத்தாருக்கு எண்ணமும் பேச்சும் ஒன்றே, மறைக்கத் தெரியாது. சிறுவர்களுக்குச் சொல்லும் ஓநாய்க் கதை அவர்களுக்குப் புரியவில்லை: தன்னைத் தின்ன வந்த ஓநாய் பாட்டி வேடத்தில் இருப்பது சிறுமிக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்கிறார்கள். மனிதன் எண்ணுவது ஒன்று, சொல்வது ஒன்று என்று விளங்கியதும் அஞ்சிப் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அறிவியலில் நம்மைவிட எத்தனையோ மடங்கு முன்னேறியவர்கள்!

இவையெல்லாம் கதைகள். கதையல்லாத ஒன்றும் உண்டு. 1977-ல் அமெரிக்கா ஏவிய வாயேஜர் விண்கலங்கள் இரண்டிலும், பொன் முலாம் பூசிய செப்பு இசைத்தட்டு ஒவ்வொன்று வைக்கப்பட்டது. 55 மொழிகளில் வணக்கம். (தெலுங்கும் கன்னடமும் சிங்களமும் உண்டு, தமிழ் இல்லை. நமக்கு மனக்குறைதான்.) நூற்றுக்கு மேற்பட்ட படங்களும் உண்டு, அவற்றுள் போர் இல்லை, பட்டினி இல்லை. அணுகுண்டுப் படத்தை மிரட்டல் என்று எண்ணிவிடுவார்களோ என்று கார்ல் சாகனின் குழுவினர் தவிர்த்துவிட்டார்கள். நமக்குத் தீர்க்க வேண்டிய பிரச்சினைகள் உண்டு என்பது ஜனாதிபதி கார்ட்டரின் செய்தியில் மட்டும் சாடையாக வருகிறது. விருந்தாளிக்கு வாசலைக் கூட்டிவைப்பது வழக்கந்தானே என்று சிலர் கேட்கலாம். நான் கேவர் பக்கம்; ஒரு போர்க்களப் படமாவது சேர்த்திருக்கலாம்.

அத்தட்டில் மனித குலத்தின் சார்பில் பேசுபவர், அன்று ஐக்கிய நாடுகள் சபையின் பொதுச் செயலாளராயிருந்த குர்ட் வால்ட்ஹைம். அமைதியையும் நட்பையும் நாடியே வருகிறோம் என்கிறார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியப் படை அதிகாரியாகப் பால்கன் பகுதியில் தாம் பணிபுரிந்த காலத்தை அவர் மறைத்து வந்தார் என்பது 1986-ல் வெளியாயிற்று. அதற்குள் விண்கலங்கள் இரண்டும் வால்ட்டேரின் குள்ளன் வாழ்ந்த சனிக் கோளைக் கடந்துவிட்டன. 2012-ல் ஒன்றும் 2018-ல் மற்றொன்றுமாக அவர் குரல் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளியில் நுழைந்தது.