விடுமுறைத் தொண்டர்களும் தோட்டத்துப் பிள்ளைகளும்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையோரம் உள்ள திரிங்காப், இன்று நெகிழிக் கூரைகளின் கீழ் வளரும் காய்கறிக்கும் பூவுக்கும் பெயர்பெற்ற ஊர். ஆயினும் அதைச் சூழ்ந்த மலைச்சரிவுகளின் வரலாறு தேயிலையோடும், அதைப் பறிக்கத் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்ட குடும்பங்களோடும் பிணைந்தது. ஜே. ஏ. ரசல் 1929-இல் தொடங்கிய போ நிறுவனத்தின் சுங்கை பாலாஸ் தோட்டம் தெற்கிலும், புளூ வேலி தோட்டம் வடக்கிலும் அமைந்திருக்க, அங்குப் பிறந்த பிள்ளைகளுக்கென எழுந்த தமிழ்ப்பள்ளிகள், தோட்டத்தில் வேலைசெய்வோர் பெரும்பாலும் வங்காளதேசம், நேபாளம், இந்தோனேசியா ஆகிய நாடுகளிலிருந்து வருவோராக மாறிவிட்ட பின்னரும் தொடர்ந்து இயங்குகின்றன. கல்லூரி விடுமுறையில் தொலைதூர நாடொன்றுக்குச் சென்று, அங்குள்ள பள்ளியிலோ ஆதரவற்ற பிள்ளைகளின் இல்லத்திலோ சில வாரங்கள் தொண்டு செய்யும் வழக்கம் உலகெங்கும் பரவியுள்ள இக்காலத்தில், அத்தொண்டினால் பிள்ளைகளுக்கு விளைவது என்ன என்பதைப் பிள்ளைகளின் பக்கமிருந்து பார்ப்பதற்கு இத்தகைய மலைத்தோட்டம் பொருத்தமான இடமாகும்.

பள்ளியும் இல்லமும் ஒரே பயணத்திட்டத்தில் அடுத்தடுத்த வரிகளாக இடம்பெறுவதால், இரண்டும் ஒரே வகைப் பணி என்ற எண்ணம் மாணவர்களிடம் எளிதில் ஏற்பட்டுவிடுகிறது. பள்ளிக்கு வரும் பிள்ளை பிற்பகலில் தன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறது. வகுப்பில் இரண்டு வாரம் பாடம் சொல்லிக்கொடுத்த அண்ணனோ அக்காளோ ஊருக்குப் போய்விட்டால் அதற்குச் சற்று வருத்தம் இருக்கும், அவ்வளவே. இல்லத்தில் வளரும் பிள்ளைக்கோ இல்லமே வீடு. அங்கு வந்து தூக்கிக் கொஞ்சி, ஊட்டிவிட்டு, கதைசொல்லித் தூங்கவைத்த ஒருவர் திடீரென மறைந்து, அவர் இடத்தில் வேறொருவர் வந்து, அவரும் மறைவது ஆண்டு முழுவதும் தொடருமானால், அது வீட்டிலுள்ள பெரியவர்கள் மாதந்தோறும் மாறுவதற்கு ஒப்பாகும்.

குழந்தை தன்னை இடையறாது பேணும் ஒருசிலரிடம் கொள்ளும் ஆழ்ந்த பிணைப்பை உளவியலார் 'பற்றுறவு' என்பர். பிரித்தானிய மனநல மருத்துவர் ஜான் பவுல்பி, போரினால் வீடிழந்த பிள்ளைகளைப் பற்றி உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதிய அறிக்கை 1951-இல் வெளிவந்தது முதல், அப்பிணைப்பு அமையாமற்போவது பிள்ளையின் மனவளர்ச்சியைப் பாதிக்கும் என்ற கருத்து வலுப்பெற்றது. ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரில் 2000-ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய ஆய்வொன்றில், இல்லங்களில் இருந்த 136 குழந்தைகளுள் ஏறத்தாழப் பாதிப்பேர் வளர்ப்புக் குடும்பங்களுக்கு அனுப்பப்பட்டு, எஞ்சியோரோடு ஒப்பிடப்பட்டபோது, குடும்பத்துக்குச் சென்றவர்கள், குறிப்பாக இரண்டு வயதுக்கு முன்னரே சென்றவர்கள், அறிவு வளர்ச்சியிலும் பற்றுறவிலும் தெளிவாக முன்னேறினர். இல்லத்துக்கு முதன்முறை வருபவரை நோக்கி ஓடிவந்து கட்டியணைத்து, விடாமல் மடியில் ஏறிக்கொள்ளும் பிள்ளையைப் பார்த்து வருபவர் நெகிழ்ந்துபோகிறார். ஆய்வாளர்களோ, அறிந்தவர் அறியாதவர் என்ற வேறுபாடின்றி எவரிடமும் ஒட்டிக்கொள்ளும் அந்த இயல்பையே பற்றுறவு சிதைந்ததன் அறிகுறிகளுள் ஒன்றாகக் கொள்கின்றனர். தொண்டர் ஊர்திரும்பி நண்பர்களிடம் பெருமையோடு காட்டும் புகைப்படம் பெரும்பாலும் அந்தக் கணத்தில் எடுக்கப்பட்டதாகவே இருக்கும் என்பது கசப்பான முரண்.

இதில் பணமும் கலந்துள்ளது. கம்போடியாவில் 2005-க்கும் 2010-க்கும் இடையில் பிள்ளைகள் இல்லங்களின் எண்ணிக்கை ஏறத்தாழ 75 விழுக்காடு உயர்ந்தது. ஆனால் அவற்றில் இருந்தவர்களில் நான்கில் மூவருக்குத் தாயோ தந்தையோ உயிருடன் இருந்தனர். அயல்நாட்டுப் பயணிகளும் தொண்டர்களும் கொண்டுவந்த நன்கொடை இல்லங்களைப் பெருக்க, படிப்பும் உணவும் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஏழைப் பெற்றோர் தம் பிள்ளைகளை அங்கு அனுப்பினர். அதாவது, 'ஆதரவற்ற' பிள்ளைகளுக்கான தேவையை ஆதரவளிக்க வந்தவர்களே ஓரளவு உருவாக்கினர். நேபாளத்திலும் இதுபோன்ற நிலை வெளிப்பட்டது. ஆஸ்திரேலியா தன் 2018-ஆம் ஆண்டின் நவீன அடிமைமுறைச் சட்டத்தை உருவாக்கியபோது, இல்லங்களுக்காகப் பிள்ளைகளைக் கடத்துவதையும் அடிமைமுறையின் ஒரு வடிவமாக ஏற்றது; 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையும் இல்லங்களை மையமாகக் கொண்ட தொண்டுச் சுற்றுலாவின் தீங்கைத் தன் தீர்மானத்தில் குறிப்பிட்டது. இதனால் எல்லா இல்லங்களும் ஏமாற்று என்றாகிவிடாது. மலேசியாவில் பராமரிப்பு மையங்கள் 1993-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சமூகநல இலாகாவில் பதிவுபெற வேண்டும் என்பதால், ஓர் இல்லம் பதிவு பெற்றதா என்று கேட்பதே மாணவர் எழுப்ப வேண்டிய முதல் கேள்வி.

உண்மையாகவே யாருமற்றுப்போன பிள்ளைகள் மலாயாவில் ஒருகாலத்தில் ஏராளமாக இருந்தனர். ஜப்பானியர் ஆட்சியில் சயாம்–பர்மா இருப்புப்பாதை வேலைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தோட்டத் தமிழர்களுள் பல்லாயிரவர் திரும்பி வரவேயில்லை. போருக்குப் பிந்திய அந்தச் சூழலில்தான் சுவாமி சத்தியானந்தர் கோலாலம்பூரில் சுத்த சமாஜத்தை நிறுவினார். அங்கு 1950களில் உருவான பிள்ளைகள் இல்லத்தையும் அதைச் சார்ந்த கல்விப் பணியையும், 1961-இல் அவர் விபத்தொன்றில் மறைந்த பின்னர், சிங்கப்பூரில் பிறந்த அன்னை மங்களம் தாங்கி நடத்தினார். இருபதுகளின் தொடக்கத்தில் இளம் தொண்டராகவே வந்த அவர், 2023-இல் தம் 97-ஆம் வயதில் மறையும்வரை அப்பணியைவிட்டு அகலவில்லை. அவருடைய தொண்டில் பிள்ளைகளுக்கு மிகுதியாகப் பயன்பட்டது, அவர் போகாமல் இருந்ததே எனலாம்.

எல்லாரும் ஓர் ஆயுளைக் கொடுக்க முடியாது. மாணவரால் கொடுக்க முடிந்தது வாரத்தில் சில மணிநேரம். மலாயாப் பல்கலைக்கழகத்தின் வரலாற்று விரிவுரையாளராக இருந்த மு. தம்பிராஜா 1982-இல் பட்டப்படிப்பு மாணவர்களைத் துணைகொண்டு தொடங்கிய ஸ்ரீ முருகன் நிலையம் அந்தச் சில மணிநேரத்தையே முதலாகக் கொண்டு வளர்ந்தது. வசதி குறைந்த இந்தியக் குடும்பங்களின் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக மாணவர்கள் வார இறுதிகளில் பாடம் நடத்த, அவ்வகுப்புகளில் பயின்று பல்கலைக்கழகம் சென்றவர்கள் தாமும் ஆசிரியராகத் திரும்பி வருவது அங்கு வழக்கமாயிற்று. மாணவத் தொண்டு என்றால் அயல்நாட்டுப் பயணம் என்று எண்ணுவோர் இந்த உள்நாட்டு முயற்சியை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. அதில் விமானச்சீட்டு இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

தோட்டத்துப் பிள்ளைக்கு இத்தகைய தனிக்கவனம் எங்கே தேவைப்படுகிறது என்பதற்கும் தெளிவான விடை உண்டு. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. அதன்பின் இடைநிலைப்பள்ளியில் பாடமொழி மலாய். மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாதவர்கள் முதற்படிவத்துக்குச் செல்லுமுன் 'புகுமுக வகுப்பு' எனப்படும் ஓராண்டு வகுப்பில் அமர்த்தப்படுவதுண்டு. வயதொத்தவர்கள் முன்னே செல்ல ஓராண்டு பின்தங்கும் பிள்ளைகளில் சிலர் அங்கேயே மனம் தளர்ந்து படிப்பை விட்டுவிடுகின்றனர். ஐந்தாம் படிவத்தின் முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியோடு, 2013 முதல் வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ் கிடைக்கும். ஆகவே, தொலைவிலிருந்து வரும் மாணவர் குழு சுவரில் வண்ணம் தீட்டி ஆங்கிலப் பாட்டு கற்பித்துச் செல்வதைவிட, மலாய்மொழியில் நன்கு தேர்ந்த உள்நாட்டு மாணவர் ஒருவர் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகள் ஐந்தாறு பேரை ஆண்டு முழுவதும் கவனித்துக்கொள்வது மிகுதியான பயன் தரும்.

அயல்நாட்டு மாணவர்களுக்கு அங்கு வேலையே இல்லை என்று சொல்லிவிட முடியாது. நூலகத்தை ஒழுங்குசெய்தல், அறிவியல் செய்முறைகளைக் காட்டுதல், கணினிகளைச் செப்பனிடுதல், ஆங்கில உரையாடல் பயிற்சியளித்தல் போன்றவற்றில் அவர்கள் துணைபுரியலாம்; ஊர்திரும்பிய பின்னும் இணையவழியாக அதே பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை வாசிப்புத் துணையாக இருக்கலாம். எந்த வாரத்தில் எத்தகைய உதவி வேண்டும் என்பதைத் தலைமையாசிரியரே முன்கூட்டி எழுதித்தர, அதற்கேற்பக் குழு அமைக்கப்படுவதும், வகுப்பாசிரியர் உடனிருக்கப் பணி நடைபெறுவதும், பெற்றோரின் இசைவின்றிப் பிள்ளைகளின் படம் வெளியிடப்படாமையும் தொடக்கத்திலேயே உறுதிசெய்யப்பட வேண்டியவை. பல்கலைக்கழகத்தின் நீண்ட விடுமுறை சில நாடுகளில் மலேசியப் பள்ளி விடுமுறையோடு ஒன்றிவிடுவதால், வகுப்பறை பூட்டியிருக்கும் காலத்தில் பாடம் நடத்த வந்து சேரும் குழுக்களும் இருக்கக்கூடும். ஆகவே, பயணத்துக்கு முன் பள்ளி நாட்காட்டியைக் கேட்டுப் பெறுவதும் அப்பட்டியலில் சேர வேண்டும்.